நான் பார்க்காத அந்தச் செய்தி

டிவியில் என்னைக் காட்டிய செய்தியை நான் பார்த்ததில்லை. இருபது வருஷத்துக்குக் கிட்ட அதைப் பற்றிக் கடிதம் போட்டிருக்கிறேன், ஆபீசு படி ஏறியிருக்கிறேன், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. அன்றைக்கு எங்கள் ஊரில் கரண்டு இல்லை. புயல் கம்பங்களையெல்லாம் வயலில் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தது. பார்த்தவர்கள் கரண்டு இருந்த ஊர்க்காரர்கள். திண்டிவனத்தில் பார்த்தார்கள். விழுப்புரத்தில் பார்த்தார்கள். யார் பார்க்கக் கூடாதோ அவர்களும் பார்த்தார்கள்.

நான் இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவள். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். எழுத்தில் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இல்லை.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்குக் கிழக்கே, கடலுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. எங்களுக்கு ஆறு காணி நிலம், ஒரு கிணறு. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுவோம். தண்ணீர் இருக்கிற வருஷம் நெல்லும் உண்டு. பணக்காரர்கள் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இருந்து ஒருத்தரும் இன்னொருத்தர் வாசலில் போய்க் கேட்டு நின்றதில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்த வருஷம் என் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. ஒரே மகள். பத்தாவது பாஸ் பண்ணினவள். மாப்பிள்ளை வீடு விழுப்புரம். மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் ரயில்வேயில் வேலை பார்த்தார்கள். விழுப்புரத்தில் இருந்த என் நாத்தனார்தான் இந்த இடத்தைக் கொண்டுவந்தாள். பெண் பார்த்து, எங்கள் வீட்டில் கை நனைத்து, தை பிறந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நடுவில் கார்த்திகை வந்தது. கார்த்திகையில் புயல் வந்தது.

கடற்கரைக் குப்பத்து ஜனங்கள் வீடு வாசல் போய், ஈரத் துணியோடு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததால் வெளியில் இருந்து ஒரு வண்டியும் வரவில்லை. தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அவரவர் வீட்டுக் கேப்பையையும் அரிசியையும் கொண்டுவந்தோம். அம்மன் கோயிலுக்குக் கூழ் காய்ச்சுகிற அண்டாக்களை எடுத்துவந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கல் கூட்டி அடுப்பு வைத்தோம். விறகெல்லாம் ஈரம். புகையில் மூன்று நாளும் கண் திறக்க முடியவில்லை. மூன்று நாளும் கூழ், கஞ்சி, மல்லாட்டைத் துவையல்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கஷ்டப்பட்டு வந்தவர்களுக்கு ஊற்றினால், ஊற்றியவள் அப்படியே திரும்பிவிடக் கூடாது. அவர்கள் பாத்திரத்தில் இருந்து ஒரு வாய் கேட்டு வாங்க வேண்டும். ஒரு கையை அலட்சியமாக நீட்டிக் கேட்கக் கூடாது, இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டு வாங்கினால், எதிரில் நிற்கிறவர்கள் வெறுமனே வாங்கினவர்களாக நிற்க மாட்டார்கள். அவர்களும் கொடுத்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

குப்பத்துப் பெண் ஒருத்தி, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டவள், அடி நசுங்கிய ஒரு அலுமினியத் தூக்கோடு வரிசையில் வருவாள். தலையே நிமிர மாட்டாள். ஊற்றியதும் தூக்கை முந்தானையில் மறைத்துக்கொண்டு ஓரமாகப் போய்விடுவாள். மூன்றாம் நாள் அவளுக்கு ஊற்றிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, இரண்டு கையையும் ஏந்தி நின்றேன்.

"எனக்கு ஒரு வாய் குடும்மா."

அவள் முழித்தாள். "இன்னாக்கா, நீங்க ஊத்தினதையே நீங்க கேக்கறீங்க?"

"ஊத்தற வரைக்கும்தான் அது என்னுது. இப்ப உன்னுது. குடுப்பியா, மாட்டியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. மூன்று நாளில் முதல் சிரிப்பு. "எங்கூட்டுக் கூழுல உப்பு பத்தாதுக்கா, பரவால்லியா?" என்று சொல்லி, தூக்கைச் சாய்த்து என் கையில் ஊற்றினாள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஜீப்பு வந்து நின்றிருக்கிறது. அதிகாரிகள் நாலு பேர் ரொட்டிப் பொட்டலங்களோடு இறங்கினார்கள். கூடவே ஒருவர் தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். ரொட்டி கொடுத்தார்கள், கால் மணி நேரம் நின்றார்கள், போனார்கள். ரொட்டி வந்தது உண்மை. அதை நான் எந்தக் கடிதத்திலும் இல்லை என்று எழுதியதில்லை.

நாலு நாள் கழித்து விழுப்புரத்தில் இருந்து நாத்தனார் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, உன்னை டிவில காட்னாங்க."

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. "அண்டாவையெல்லாம் காட்னாங்களா?"

"அண்டா ஏது? நீ ஒருத்தி தூக்குக்கு முன்னால கையேந்திக்கினு நிக்கிற. அவ ஊத்தறா. அரசு வழங்கிய உணவைப் பெற்றுக்கொள்ளும் மக்கள்னு செய்தி வாசிக்கிற பொண்ணு சொல்லுது. நாங்க அல்லாரும் பாத்தோம். அவங்களும் பாத்தாங்க."

அவங்க என்றால் மாப்பிள்ளை வீடு. அப்போது இருந்தது ஒரே டிவிதான், அரசாங்க டிவி. சாயந்திரச் செய்தி என்றால் டிவி உள்ள வீடெல்லாம் அதைத்தான் பார்க்கும். அதில் சொன்னதற்கு மேல் இன்னொன்று கிடையாது.

நானும் வீட்டுக்காரரும் மறுநாளே விழுப்புரம் போனோம். அவர் பட்டா, சிட்டா எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் கொடுத்தாள். காப்பி கொடுக்கவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"நெலம் கீது, கெணறு கீதுன்னு சொன்னீங்க, நம்பினோம். நீங்க கையேந்திக்கினு நிக்கிறத எங்க குவார்ட்டர்சே பாத்துச்சி" என்றாள்.

"ஊத்தினதே நான்தாங்க" என்றேன்.

"ஊத்தினவங்க எதுக்குங்க கையேந்தணும்?"

வழக்கத்தைச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சொல்லச் சொல்ல, நான் கதை கட்டுவதுபோல எனக்கே கேட்டது.

"அப்ப கவுருமெண்டு டிவி பொய் சொல்லுதுன்றீங்க?"

மாப்பிள்ளையின் அப்பா சிட்டாவை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். மரியாதையான மனுஷன். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நெலத்துல எனக்குச் சந்தேகம் இல்லைங்க. ஆனா நாளைக்கு எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணப் பாத்து, அந்தப் புயல் பொம்பளை பொண்ணான்னு நாலு பேரு கேட்டா நான் இன்னா சொல்றது? எந்த டிவில சொன்னாங்களோ அதுலயே மாத்திச் சொல்லட்டும். ஊரே கேக்கட்டும். தை கடைசி வரைக்கும் பாக்கறேன்."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரே ஒரு வரி. கூழ் காய்ச்சியது அந்த ஊர்ப் பெண்கள், கையேந்தியவள் ஊற்றியவள் என்று ஒரே ஒரு வரி.

மகள்தான் கடிதம் எழுதினாள். நான் சொல்லச் சொல்ல எழுதவில்லை. "அப்பிடியெல்லாம் எடுத்ததும் சண்டைக்குப் போகக் கூடாதும்மா" என்று, உங்கள் செய்திகளை நாங்கள் தவறாமல் பார்த்து வருகிறோம் என்று மரியாதையாக ஆரம்பித்து, பிறகு நடந்ததை எழுதினாள். டிவியில் வாரத்துக்கு ஒரு நாள் ஜனங்கள் போட்ட கடிதங்களைப் படித்துப் பதில் சொல்லுகிற நிகழ்ச்சி ஒன்று வந்துகொண்டிருந்தது. கரண்டு வந்த பிறகு, டிவி இருந்த பக்கத்து வீட்டில் ஒவ்வொரு வாரமும் போய் உட்கார்ந்தோம். நாடகம் நன்றாக இருக்கிறது, படம் நன்றாக இருக்கிறது என்று எழுதியவர்களின் கடிதங்களைத்தான் படித்தார்கள். தை பதினைந்து தாண்டி ஒரு வாரம், கடிதம் படிக்கிற, சிரித்த முகமாக இருக்கிற அந்த அம்மா எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னாள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த நேயர், எங்கள் செய்திகளைத் தவறாமல் பார்த்து வருவதாக எழுதியிருக்கிறார். மிக்க நன்றி."

அடுத்த கடிதத்தை எடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, "அட, உங்க லெட்டர படிச்சிட்டாங்களே!" என்று சந்தோஷப்பட்டாள். மகள் பிடித்த கையை விட்டுவிட்டு எழுந்து போனாள்.

தை முடிந்தது. மாசியில் டிவி ஆபீசில் இருந்து ஒரு கார்டு வந்தது. அச்சடித்த கார்டு. தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் விழுப்புரம் போனார். மாப்பிள்ளையின் அப்பா கார்டைப் படித்துவிட்டு, "அனுப்பியிருக்காங்க, சரி. சொன்னாங்களா?" என்று கேட்டாராம். வைகாசியில் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது.

அதற்கப்புறம் வந்த இடங்களும் ஏதோ ஒரு பேச்சில் முறிந்தன. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஜாதகம் என்பார்கள், தூரம் என்பார்கள். ஆனால் கிளம்பும்போது என் கையைப் பார்ப்பார்கள். அது என் பிரமையாகவும் இருக்கலாம். ஆனால் பார்ப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

விழுப்புரத்தில் மனு வாங்குகிற ஒரு அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் அரை நாள் நின்றேன். குமாஸ்தா மனுவை மேலாகப் பார்த்தார்.

"டிவிக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லம்மா. பென்ஷனு, பட்டா, ரேஷன் கார்டு, அந்த மாதிரி எதுனா இருந்தா சொல்லு."

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் வேணாம் சார். நான் கையேந்தலன்னு சொல்லணும், அவ்ளோதான்."

"சரி, குடுத்துட்டுப் போ. வாங்கி வெக்கிறேன்."

இரண்டு மாசம் கழித்து ஒரு ஆள் வீட்டுக்கு வந்து, நோட்டை விரித்து, கையெழுத்துப் போடு என்றான். எதற்கு என்றேன். புயல் நிவாரண அரிசி என்றான். மனுவில் புயல் என்று ஒரு சொல் இருந்ததால், அதை நிவாரணம் கேட்கிறவர்கள் கட்டில் சேர்த்திருக்கிறார்கள். கையேந்தவில்லை என்று நான் கொடுத்த மனுவுக்கு, கையேந்தினவர்கள் பட்டியலில் என் பேர். வீட்டுக்காரர் திண்ணென்று வாசலில் நின்று, "எடுத்துக்கினு போய்யா" என்றார். அவர் சத்தம் போட்டு நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த ஆள் பாவம். "நான் இன்னா பண்ணட்டுங்க? லிஸ்ட்ல கீது, வந்தேன்" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

கேமரா தூக்கிவந்தவர் திண்டிவனத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார் என்று இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தேடிப் போனேன். கல்யாண போட்டோக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது.

"அட, நீங்கதானா? அந்த ஷாட்டு ரொம்ப நல்லா வந்துச்சிம்மா."

"அண்டாவை எடுத்தீங்களா?"

"எடுத்தேனே. அண்டா, அடுப்பு, பொகை, அல்லாத்தையும் எடுத்தேன். கேசட்ட பஸ்ல போட்டு மெட்ராசுக்கு அனுப்பறதோட என் வேலை முடிஞ்சிச்சி. வெட்டறது ஒட்டறது அவங்க, எழுதறது அவங்க, வாசிக்கறது அவங்க. மொத்தமே பத்து செகண்டுதான் போட்டிருப்பாங்க."

"நீங்க ஒரு வார்த்தை எழுதித் தரக் கூடாதா? ஊத்தினது நான்தான்னு."

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "நான் வரும்போது நீங்க கையேந்திக்கினு இருந்தீங்க. ஊத்தினத நான் பாக்கலியேம்மா. படத்துல கீறது உங்க கைதானே?"

என் கைதான். அதை எப்படி இல்லை என்பது?

ஊரில் முதியோர் கல்வி வகுப்பு ஆரம்பித்தார்கள். மற்றப் பெண்கள் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் வந்தார்கள். நான் கடிதம் எழுத வந்தேன். மகள் அதற்குள் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தாள். டீச்சர் படம், மரம், பட்டம் என்று எழுதிப் போட்டால், நான் புகார் எப்படி எழுதுவது என்று கேட்டேன். ஒரு வருஷத்தில் போஸ்டுகார்டில் ஆறு வரி எழுதப் பழகினேன். பிறகு அதே ஆறு வரியை வருஷத்துக்கு மூன்று நாலு தடவை போட்டேன். அதே அச்சடித்த கார்டு திரும்பி வரும். டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்தேன். ஒரு தடவை மட்டும் டைப் அடித்த கடிதம் வந்தது. ஒளிபரப்பான தேதி, நேரம், ஒளிபரப்பின் நகல் ஆகியவற்றை இணைத்து அனுப்பவும். நகலாம். கரண்டே இல்லாத ஊரில் உட்கார்ந்திருந்தவளிடம் நகல் கேட்டார்கள். தேதிக்கு, புயல் அடித்த மூன்றாம் நாள் என்று எழுதினேன். அதற்குப் பதிலாக மறுபடியும் அச்சடித்த கார்டுதான் வந்தது.

வீட்டுக்காரர் காலமானார். மகள் திண்டிவனத்தில் அங்கன்வாடி வேலைக்குப் போனாள். ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிவிட்டுச் சாயந்திர பஸ்ஸில் வருவாள். அவளுக்கு முப்பது ஆனது, முப்பத்தைந்து ஆனது. ஒரு நாள் நான் கார்டு எழுதிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"யாருக்கும்மா எழுதற?"

"டிவிக்குத்தான்டி. உனக்காகத்தான்."

"எனக்காகன்னு சொல்லாத. அவனுக்குக் கல்யாணம் ஆயி, அவன் பொண்ணே பெரிய மனுஷி ஆயிட்டா. இப்ப டிவில மாத்திச் சொன்னா எனக்கு இன்னா ஆவப் போவுது? உன் கைக்காக எழுது. அப்பிடின்னா நான் தபால்ல போட்டுட்டு வர்றேன்."

நான் மீதி வரியை எழுதி முடித்தேன். அவள் கார்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அரசாங்க ஆபீசில் எதைக் கேட்டாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம் வந்திருப்பதாக அவள்தான் பிறகு சொன்னாள். அவளே விண்ணப்பம் எழுதினாள். இந்தத் தடவை மரியாதையாக ஆரம்பிக்கவில்லை. பதிலும் ஒழுங்காக, கையெழுத்து, சீல் எல்லாம் போட்டு வந்தது. அவளே நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அந்தக் காலத்து ஒளிநாடாக்கள் மறுபயன்பாட்டுக்காக அழிக்கப்பட்டுவிட்டன. குறிப்பிட்ட செய்தி ஒளிபரப்பானதற்கு ஆவணம் எதுவும் இல்லை. ஆவணம் இல்லாத செய்திக்குத் திருத்தம் வெளியிட இயலாது. ஆகவே தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது.

"அப்படின்னா அந்தப் படமே இல்லியா?" என்று கேட்டேன்.

"இல்லியாம். அதுக்கு மேலயே வேற எதையோ புடிச்சிட்டாங்களாம்."

இனி எழுத ஒன்றும் இல்லை. டிரங்குப் பெட்டியில் இருந்த கார்டுகளை எடுத்து அடுப்பில் வைக்கலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அப்படியே இருக்கின்றன.

அதற்கடுத்த மார்கழி முடிவதற்குள் இன்னொரு புயல் அடித்தது. மறுபடி கம்பம் சாய்ந்தது. மறுபடி குப்பத்து ஜனங்கள் அதே பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். பழைய பெண்களில் பாதிப் பேர் இல்லை. நானும் மகளும் இருந்த அரிசியைத் தூக்கிக்கொண்டு போனோம். அண்டா அதேதான். எனக்கு நிற்க முடியவில்லை, ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு ஊற்றினேன்.

வரிசையில் ஒருத்தி வந்து நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. இரண்டு பக்கமும் மூக்குத்தி. கையில் எவர்சில்வர் தூக்கு. ஊற்றினேன். அவள் நகரவில்லை.

"அக்கா, என்னை அடையாளம் தெரிலியா?"

தெரிந்தது. தூக்கு வேறு, ஆள் அதே ஆள்.

"இந்த வாட்டி கேக்க மாட்டியா?" என்று சிரித்தாள். "உப்பு பத்தும்க்கா. நீ ஊத்தினதுதானே." தூக்கை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் சுற்றிலும் பார்த்தேன். ஜீப்பு இல்லை. தோளில் கேமரா வைத்தவர்கள் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்துச் சுவரும், வரிசையும், புகையும்தான். கரண்டியைக் கீழே வைக்க வேண்டும் என்று நினைத்தேன். என் இரண்டு கையும் கரண்டியின் காம்பைப் பிடித்த பிடியை விடவில்லை.

"கை அழுக்கா கீதும்மா" என்றேன். "நீ போய்ச் சாப்புடு."

அவள் சிரிப்பு நின்றது. தூக்கை நிமிர்த்தினாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, தூக்கை முந்தானையில் மறைத்துக்கொண்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். நாங்கள் கொடுத்தவர்களாகவும் அவள் வாங்கினவளாகவும் ஆனோம்.

மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கரண்டியை வாங்கிக்கொண்டு, அடுத்து நின்றவருக்கு ஊற்ற ஆரம்பித்தாள்.